கையில் 300 ரூபாய். மாசம் முடிய 6 நாள்! குடும்பத் தலைவிகள் போடும் "கடைசி ரூபாய்" கணக்கு

மாதம் 24-ந்தேதி. மாலை 6 மணி. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கூட்டம் நெரிகிறது. தக்காளிக் கடை முன்னால் கூடையும் கையுமாக ஒரு அம்மா. சுருக்குப் பையில் இருப்பது 300 ரூபாய். மாசம் முடிய இன்னும் 6 நாள்!

"அரை கிலோ போடுப்பா... வேணாம், வேணாம். கால் கிலோ போதும். மிச்ச காசுக்கு ரெண்டு முட்டை வாங்கிக்கிறேன்."

கடைக்காரர் முறைக்கிறார். எடைத் தட்டில் ஏறிய தக்காளி பாதி இறங்குகிறது.

பார்க்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம். ஆனால் அந்த அம்மா போட்டது பெரிய பொருளாதாரக் கணக்கு.

முதல் கால் கிலோ தக்காளி இல்லாவிட்டால் குழம்பே இல்லை. அடுத்த கால் கிலோ? இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். அதே காசு முட்டையானால் பையனின் சாப்பாட்டு டப்பாவுக்கு ஆச்சு. எனவே தக்காளி இறங்கியது, முட்டை ஏறியது.

இப்படி ஒவ்வொரு சாமானிலும் கடைசியாகப் போடும் ரூபாய் ஒரே அளவு பலன் தர வேண்டும். ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டினால் லாபம் இல்லை என்ற நிலை வந்துவிட்டால், அதுதான் இருக்கிற காசுக்குக் கிடைக்கும் உச்ச பலன்.

கோசன் என்ற ஜெர்மானியர் 1854-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். யாரும் வாங்கவில்லை. மனம் நொந்து, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்! அவர் எழுதியதைப் படிக்காமலே நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்து வருகிறார்கள்.

அரிசிக் காசு எங்கே போகுது?

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம் ஆனது. "அரிசி சும்மா கிடைக்குது, அந்தக் காசு என்னாச்சு?" என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு.

ரேஷன் அரிசியைப் பொங்கிச் சாப்பிடும் வீட்டில், கடையில் அரிசி வாங்க வேண்டிய பணம் அப்படியே கையில் நிற்கிறது. அது பணமாகவே கொடுத்த மாதிரி. பால், முட்டை, பள்ளிக்கூடச் செலவு என்று போய்ச் சேரும்.

சில வீடுகளில் சோற்றுக்குக் கடை அரிசி. ரேஷன் புழுங்கலரிசி இட்லி மாவுக்கு. அங்கே மிச்சமாவது இட்லி அரிசியின் விலை மட்டும்தான். ஒரே 20 கிலோதான். ஆனால் வீட்டுக்கு வீடு பலன் வேறு!

மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பும் ஒரு சேதி சொல்கிறது. இந்திய நகரங்களில் 1999-2000-ல் வீட்டுச் செலவில் 100 ரூபாய்க்கு 48 ரூபாய் சாப்பாட்டுக்குப் போயிற்று. 2022-23-ல் அது 39 ரூபாய் ஆகிவிட்டது. அரிசி, கோதுமை போன்ற தானியங்களுக்கு அப்போது 12 ரூபாய். 2022-23-ல் 4 ரூபாய்கூட இல்லை.

அதே 2022-23-ல் பானங்கள், நொறுக்குத் தீனி, ஓட்டல் சாப்பாடு வகைக்கு 10 ரூபாய்க்கு மேல்! தானியத்தில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு பஜ்ஜிக் கடைப் பக்கம் திரும்பிவிட்டது என்றே தோன்றுகிறது.

பஸ் இலவசம்; நேரம்?

2021 மே மாதம் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் வந்தது. பக்கத்துத் தெருக் கடையை விட்டு கோயம்பேடு போய்க் காய் வாங்கலாமா என்ற கணக்கே அதோடு மாறியது.

கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ வாங்கினால் மிச்சம் 20 ரூபாய். போக வர பஸ்ஸுக்கே 20 ரூபாய் ஆனால் லாபம் பூஜ்யம். டிக்கெட் இல்லை என்றால் 20 ரூபாயும் கையில்!

ஆனால் 2 மணி நேரம் போகிறதே? வீட்டில் பூக்கட்டிச் சம்பாதிக்கும் பெண்ணுக்கு அந்த 2 மணி நேரம் 20 ரூபாய்க்கு மேல் பெறும். அவர் பக்கத்துக் கடையிலேயே வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

பாக்கெட் ரகசியம்

எல்லாக் கணக்கும் தெரிந்திருந்தும் ஏழை வீடு ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சின்னப் பாக்கெட்!

100 ரூபாய்க்கு 250 கிராம் டீத்தூள். 10 ரூபாய்க்கு 20 கிராம் பாக்கெட் என்று வையுங்கள். பெரியதில் கிராம் 40 பைசா. சின்னதில் 50 பைசா. அதே 250 கிராமைச் சின்னப் பாக்கெட்டாக வாங்கினால் 125 ரூபாய்! 25 ரூபாய் போச்சு.

"பெரிசா வாங்க வேண்டியதுதானே?" என்று கேட்பது சுலபம். அன்றாடம் கூலி வாங்குகிறவர் ஒரே நாளில் டீத்தூளுக்கு 100 ரூபாய் எடுத்து வைத்தால் அன்றைக்கு அடுப்பு எரியுமா? அவருக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கையில் ரொக்கம் இல்லை. பணம் உள்ளவனுக்குச் சாமான் மலிவு, இல்லாதவனுக்குக் கிராக்கி. இதுதான் கொடுமை!

பெரிய பொட்டலம் எப்போதுமே மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது. ஷாம்புவைப் பாருங்கள். அதைச் சின்னப் பாக்கெட்டில் போட்டு ஏழை வீடு வரை கொண்டு போன முன்னோடி நம் கடலூர் சின்னி கிருஷ்ணன். 1 ரூபாய் பாக்கெட்டில் 5 மில்லி இருந்தால் மில்லிக்கு 20 பைசா. 100 மில்லி பாட்டில் 60 ரூபாய் என்றால் மில்லிக்கு 60 பைசா! பல ஷாம்புகளில் பாட்டிலைவிடப் பாக்கெட்தான் மலிவு.

அப்போ எதை நம்புவது? பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். 2021-ல் திருத்திய மத்திய அரசு விதிப்படி, கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் விலையும், கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோ விலையும் அச்சிட வேண்டும். பொடி எழுத்துதான், கண்ணாடி போட்டாவது படியுங்கள். விலை மாறாமல் உள்ளே எடை மட்டும் குறைந்தாலும் இந்த வரி காட்டிக் கொடுத்துவிடும்.

அண்ணாச்சி கடை நோட்டு

"அண்ணாச்சி கடையில் 2 ரூபாய் கூடத்தான். ஆனா நோட்டுல எழுதிக்கிறாரே!" என்பார்கள். நியாயம்தான். அந்த 2 ரூபாய் சாமானுக்கு அல்ல. மாதக் கடைசியில் கிடைக்கும் கடனுக்கு. வட்டிக்கு வாங்குவதைவிட அது மேல். ஆனால் மாதா மாதம் பாக்கி ஏறினால், வேறு கடையில் மலிவாகக் கிடைத்தாலும் போக முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

சம்பளம் வந்த அன்றே, மற்ற செலவுக்கு முன்னால், கெட்டுப் போகாத 3 சாமானை மட்டுமாவது மொத்தமாக வாங்கிப் போடுங்கள். எண்ணெய், பருப்பு, சோப்பு. கிராம் விலை பார்த்து வாங்குங்கள். ரேஷன் பருப்பு, பாமாயிலை அந்தந்த மாதமே வாங்கிவிடுங்கள். இதில் மிச்சமாகும் காசுதான் அடுத்த மாதம் 24-ந்தேதி கைகொடுக்கும்.

சரி, சைதாப்பேட்டை அம்மா என்ன ஆனார்? தக்காளி வாங்கினார், முட்டை வாங்கினார். போகிற வழியில் நின்று, 20 ரூபாய்க்குப் பூவும் வாங்கினார்!

"இந்த நேரத்துல பூ தேவையா?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த 20 ரூபாய்க்கு எது அதிக பலன் என்று அவருக்குத்தான் தெரியும்.