‘ஒடுக்கி’ என்னும் சொல்லும் ஒரு சிறுவனின் கண்ணும்

தில்லியின் கோடைப் புழுதியில், எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பமொன்றின் ஒன்பது வயதுச் சிறுவன் ஓயாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். வசந்தகால ஒவ்வாமைக் கண்ணழற்சி என்றார் மருத்துவர். ஸ்டீராய்டுச் சொட்டுடன் சைக்ளோஸ்போரின் சொட்டையும் எழுதித் தந்தார். தாயார் முன்னதை வாங்கினார், பின்னதை வாங்கவில்லை. “சிறுநீரகம் மாற்றியவர்களுக்குத் தரும் மருந்தாமே, நோயெதிர்ப்பை ஒடுக்குமாமே, பிள்ளைக்கு எப்படித் தம்பி விடுவது?” என்று என்னிடம் கேட்டார்.

அஞ்ச வேண்டியதற்கு அவர் அஞ்சவில்லை. பிழை அவருடையதன்று, பெயரிட்டோருடையது, அப்பெயரை விளக்காமல் விட்டோருடையது.

ஸ்டீராய்டும் நோயெதிர்ப்பை ஒடுக்குவதே. அதுவும் பரந்த அளவில். ஆயினும் ‘ஒடுக்கி’ என்னும் பட்டம் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்றவற்றுக்கே வழங்குகிறது. மண்பூஞ்சை ஒன்றிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் புகழ்பெற்ற மருந்து. அப்பெயர் அதன் வரலாற்றைச் சொல்கிறதேயன்றி, இச்சிறுவனின் கண்ணில் அது ஆற்றும் பணியைச் சொல்லவில்லை. கால்சினியூரின் என்னும் நொதியைத் தடுத்து, டி அணுக்கள் கிளர்ந்தெழாமல் காப்பதே அப்பணி. சொட்டாக இடுகையில் இரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம்.

ஸ்டீராய்டு விரைந்து அழற்சியைத் தணிக்கும். சைக்ளோஸ்போரின் பலன்தரச் சில வாரங்கள் ஆகும். அதனாலேயே இரண்டையும் சேர்த்துத் தொடங்கி, முன்னதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். துணைமருந்தைக் கைவிட்டால் ஸ்டீராய்டே நீளும். நீண்டால் கண்ணின் நீர் வடியும் பாதையில் தடை மிகுந்து அழுத்தம் உயரலாம். குளுக்கோமாவும் கண்புரையும் வரலாம். குளுக்கோமாவில் வலியின்றிப் போன பார்வை மீள்வதில்லை. இவ்வகைக் குளுக்கோமாவால் பார்வையிழக்கும் குழந்தைகளைப் பற்றித் தில்லி எய்ம்ஸின் இராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்தினரே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இத்தகைய ஸ்டீராய்டை மருந்துக் கடையில் ‘லாலி கீ தவா’, சிவப்பு நீக்கும் மருந்து, என்று கேட்டால் சீட்டின்றியே கிடைக்கிறது. சீட்டின்றி விற்கலாகாது என்னும் எச்சரிக்கை குப்பியில் உண்டு. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். தீங்கு செய்யக்கூடியதற்குச் செல்லப்பெயர். அத்தீங்கைக் குறைக்க வந்ததற்கு அச்சப்பெயர்!

“மருத்துவத்தில் மொழியியலாருக்கு என்ன வேலை?” என்பர் சிலர். மருந்தைத் தேர்வது எம் வேலையன்று. ஆனால், தேர்ந்த மருந்தை ஒரு சொல் தடுத்துவிடுமெனில், அச்சொல்லை ஆராய்வது எம் வேலையே. ‘இம்யூனோசப்ரசன்ட்’ என்பதை ‘நோயெதிர்ப்பு ஒடுக்கி’ எனப் பெயர்த்துவிட்டுக் கலைச்சொல் கண்டோமென மகிழ்கிறோம். அச்சொல்லைக் கேட்டு ஒரு தாய் என்ன செய்வார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சைக்ளோஸ்போரின் குறையற்றதென்று நான் வாதிடவில்லை. தொடக்கத்தில் எரியும், விலை கூடுதல், கண்ணில் தொற்றிருந்தால் மருத்துவர் தயங்குவார். இவற்றையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வாக்கியங்கள் போதும்: “இது விரைவில் தணிக்கும், நீண்டநாள் விடாதீர்கள். அது மெதுவாக வேலை செய்யும், நீங்களாக நிறுத்தாதீர்கள். இடையிடையே கண்ணழுத்தம் பார்க்க வாருங்கள்.” நோயாளியின் மொழியில் சொல்லப்படும் இம்மூன்றும் மரியாதைக்காகச் சேர்ப்பவை அல்ல, சிகிச்சையின் பகுதி.

அத்தாயார் மறுபடியும் மருத்துவரிடம் சென்றார். இம்முறை கேள்விகளை எழுதிக்கொண்டு சென்றார். எழுதிக்கொடுத்தவன் நான், ஆனால், கேட்கும் உரிமை என்றும் அவருடையதே.