திறவுகோல் யார் கையில்?

இலக்கிய நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இன்று நான் பேசப்போவது செட்டாப் பாக்ஸைப் பற்றி.

காட்பாடியில் என் வீட்டுப் பரணில் மூன்று பெட்டிகள் கிடக்கின்றன. ஒன்றுகூடப் பழுதானதன்று. டி.டி.எச். நிறுவனத்தை மாற்றியபோதெல்லாம் பழையது பயனற்றுப் போயிற்று. புதியதற்குப் பணம் கட்டினேன். பொதுவான தொழில்நுட்பத் தரம் இல்லாமையே இதற்குக் காரணம் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மையே.

நம் டி.டி.எச். நிறுவனங்கள் யாவும் டி.வி.பி. என்னும் ஒரே தரக் குடும்பத்தின்படியே ஒளிபரப்புகின்றன. வேறுபடுவது, பணம் கட்டாதோர் காணாதபடி ஒளிபரப்பைப் பூட்டும் மறையாக்க முறைதான். அதன் திறவுகோல் அந்தந்த நிறுவனத்தின் பெட்டிக்குள் இருக்கிறது.

பூட்டு இல்லாவிடில் என்ன நிகழும்? தூர்தர்ஷன் 2004-இல் தொடங்கிய இலவசச் சேவையே சான்று. அதன் பூட்டில்லாத அலைவரிசைகளுக்கு எந்தத் தயாரிப்பாளரின் பெட்டியையும் கடையில் வாங்கலாம். ஆகவே தயாரிப்பாளர்கள் விலையில் போட்டியிட்டே தீரவேண்டும். ஆம்பூரில் காலணி வாங்குவோர் அறிவர்: அளவெண் பொதுவாக இருப்பதால்தான், விலை ஒவ்வாவிட்டால் அடுத்த கடைக்கு நடக்க முடிகிறது.

இது அரசு அறியாததன்று. நிறுவனம் மாறினாலும் பெட்டி உதவவேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் டி.டி.எச். நெறிமுறைகளே கூறின. பெட்டியில் செருகும் துணைக்கருவி வழி மாறிக்கொள்ளலாம் என்றனர். அக்கருவியின் விலையோ புதிய பெட்டியின் விலையை நெருங்கியது. உரிமை ஏட்டோடு நின்றது. 2020 ஏப்ரலில் டிராய் அமைப்பு அதையே மீண்டும் பரிந்துரைக்க நேர்ந்தது.

பெட்டியை அடக்க விலைக்கும் குறைவாகத் தருகிறோம், அதை வேறொருவர் பயன்படுத்தினால் எங்களுக்கு நட்டமன்றோ என்று நிறுவனங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தள்ளுபடி மாதச் சந்தாவின் வழியே நம்மிடமிருந்தே மீட்கப்படுகிறது. பெட்டியின் விலையையும் சந்தாவையும் தனித்தனியே சொல்லட்டும். பெட்டிக்குரிய முழு விலையைத் தந்தவர் அதனை எங்கும் கொண்டு செல்லட்டும்.

ஒரே தரம் வந்துவிட்டது என்று கேட்டதும் விலை குறையும் என நம்பிவிடலாகாது. திறவுகோல் விற்பவர் கையிலேயே இருக்கும்வரை, பொதுத் தரத்தின் பயன் வாங்குபவரை வந்தடையாது என்பதே என் துணிபு.