தொட்டித் தவளை வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

மீன் வளர்த்து அலுத்தவர்கள் சிலருக்கு அடுத்த ஆசை தவளை மேல் வருகிறது. என் வகுப்பிலேயே இரண்டு பேர் அந்த யோசனையில் இருக்கிறார்கள். "அய்யே, தவளையா?" என்று முகம் சுளிக்கும் கட்சி நான் இல்லை. வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே இருக்கும் தவளைகள் உண்டு. அவை நீந்துவதையும், தீனியை இரண்டு கைகளாலும் வாய்க்குள் தள்ளுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். (நாக்கே கிடையாது, பாவம். அதனால்தான் இந்தக் கைவேலை!)

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். எந்தத் தவளை, எத்தனை வருஷத்துக்கு என்று தெரியாமல் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், என்ன ஆனாலும் குளத்திலோ ஏரியிலோ விடாதீர்கள்.

தொட்டியில் வளர்க்கப்படுபவை முக்கியமாக இரண்டு வகை. இரண்டுக்குமே சொந்த ஊர் ஆப்பிரிக்கா. ஒன்று குள்ளத் தவளை, ஹைமனோகைரஸ். வளர்ந்தாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். ஐந்து வருஷம் போல இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும். இன்னொன்று நகத் தவளை, ஜீனோபஸ் லேவிஸ். பெண் தவளை உள்ளங்கை அளவுக்கு, பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பதினைந்து வருஷம் சாதாரணமாக வாழும். வாயில் அடங்குகிற மீன் எதையும் விட்டுவைக்காது.

குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: முன்னங்கைகளைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் குள்ளத் தவளை. சவ்வு இல்லாமல் விரல்கள் தனித்தனியாக இருந்தால் நகத் தவளை. இன்று கல்லூரியில் இருக்கும் நீங்கள், அது சாகும்போது உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக்கொண்டிருப்பீர்கள். யோசித்துக்கொள்ளுங்கள்!

குள்ளத் தவளையே போதும் என்றாலும், அது மேஜை மேல் வைக்கிற பொம்மை இல்லை. அதற்கும் நுரையீரல்தான். மூச்சு வாங்க மேலே வந்து போக வேண்டும், அதனால் தொட்டி ரொம்ப ஆழமாக இருக்கக் கூடாது. தோல் வழியாகத் தண்ணீரில் உள்ளதெல்லாம் உள்ளே போகும், ஆகவே குளோரின் நீக்கிய தண்ணீர் வேண்டும். மூடி இல்லாவிட்டால் குதித்து வெளியே வந்து காய்ந்து செத்துப்போகும். அமெரிக்காவில் இதைக் கையளவு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துப் பரிசுப்பொருள் மாதிரி விற்றார்கள். என்னைக் கேட்டால் அது வளர்ப்பு இல்லை, வதை.

இன்னொன்றும் உண்டு. 2008-க்கும் 2011-க்கும் இடையே அங்கே குள்ளத் தவளைகள் மூலம் சால்மோனெல்லா கிருமி பரவி, நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருநூறுக்கும் அதிகமானோர் நோயில் விழுந்தார்கள். பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். தவளையைத் தொட்டாலும் தொட்டித் தண்ணீரைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சமையலறைத் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்டவே கொட்டாதீர்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். நகத் தவளை உலகம் சுற்றிய கதை வேடிக்கையானது. 1930-களில் லான்சலாட் ஹாக்பென் என்ற விலங்கியலாளரின் ஆராய்ச்சியிலிருந்து ஒரு கர்ப்பப் பரிசோதனை பிறந்தது. பெண்ணின் சிறுநீரைத் தவளைக்கு ஊசி மூலம் செலுத்தினால், அவர் கர்ப்பமாக இருந்தால் தவளை ஒரு நாளைக்குள் முட்டையிடும். முன்பு இதற்காக எலியையும் முயலையும் கொன்று அறுத்துப் பார்த்தார்கள். தவளையையோ திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏராளமான தவளைகள் கப்பலேறின. 1960-களில் வேறு பரிசோதனைகள் வந்து இந்த வேலை போனாலும், தவளைகள் ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் தங்கிவிட்டன.

அங்கிருந்து தப்பியும், "பாவம், போகட்டும்" என்று விடப்பட்டும் இன்று கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி என்று காட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கின்றன. மற்ற தவளை இனங்களை அழிக்கும் கைட்ரிட் பூஞ்சையை, தான் சாகாமலே சுமந்து திரியவும் இதனால் முடியும். கலிபோர்னியாவில் அனுமதி இல்லாமல் இதை வைத்திருப்பதே குற்றம். ஐரோப்பிய ஒன்றியமும் 2022-ல் இதை ஆக்கிரமிப்பு உயிரினப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

"நம்ம ஊர் வெயிலுக்கு அது எங்கே பிழைக்கப் போகுது?" என்று கேட்கலாம். மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் கொண்டுபோய் விட்ட சக்கர் மீனைப் பற்றியும் இப்படித்தான் நினைத்தோம். இன்று அது தமிழ்நாட்டு ஏரிகளில் வலையை நிறைத்து மீனவர்களை நோகடிக்கிறது. தவளையை வைத்தும் அதே சூதாட்டம் வேண்டாமே.

வளர்க்க முடியாமல் போனால் வாங்கிய கடையிலேயே கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். தொட்டியில் இருக்கும் ஒரு தவளை மேல் இரக்கப்படுவது நல்ல குணம்தான். குளத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் தவளைகள் மேலும் அந்த இரக்கம் கொஞ்சம் இருக்கட்டும். இதற்கெல்லாம் தயார் என்றால் தாராளமாக வாங்குங்கள். கடையில் மறக்காமல் முன்னங்கையைப் பாருங்கள்!