மழலையர் ஆசிரியரும் ஆய்வாளரே

ஆய்வு, பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே உரியதன்று. 1907ஆம் ஆண்டு உரோம் நகரின் ஏழை மக்கள் குடியிருப்பில் மழலையர் இல்லம் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, கற்பிக்கும் முன் குழந்தைகளை உற்றுநோக்கினார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை உரிய குழிகளில் நாற்பது முறைக்கு மேல் பொருத்தியதை எண்ணிக் குறித்தார். இளங்குழந்தைகளின் கவனம் நிலைக்காது என்ற நம்பிக்கை தகர்ந்தது.

‘மந்தம்’, ‘குறும்பு’ என முத்திரையிடுவது எளிது. அது குழந்தையை நெடுங்காலம் வாட்டும். பேசாத குழந்தை எப்போது பேசுகிறது, யாருடன் விளையாடுகிறது என நாள்தோறும் குறித்து ஒப்பிடும் ஆசிரியரோ, உரிய வழியைக் கண்டறிகிறார். எனவே, மழலையர் ஆசிரியர் பயிற்சியில் பாட்டும் கதையும் போலவே ஆய்வுமுறையும் இடம்பெற வேண்டும். அறியாமல் தீர்ப்பிடும் ஆசிரியரிடமிருந்து குழந்தையைக் காப்பது அப்பயிற்சியே.