மிரள்வது குதிரையின் குற்றமா?

மும்பையில் கல்யாண காலம் வந்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை தெருவுக்கு வந்துவிடும். முன்னால் பாண்டு வாத்தியம், காலடியில் பட்டாசு, பின்னால் பஸ்ஸின் ஹாரன். குதிரை மிரண்டால், "முரட்டுக் குதிரை" என்று பழி சுமத்துகிறார்கள். இது நியாயமா?

குதிரை ஆபத்தென்றால் ஓடிப் பிழைக்கும் பிராணி. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் சுற்றிலும் பார்க்கும்; ஆனால் நேர் பின்புறம் தெரியாது. அங்கே திடீரென்று ஹாரன் அலறினால் கலங்காமல் என்ன செய்யும்? லாடம் அடித்த கால் தார் ரோட்டில் வழுக்கவும் செய்யும். மேலே இருப்பவரோ, பெரும்பாலும் அன்றுதான் முதன்முதலாகக் குதிரை ஏறிய மாப்பிள்ளை. சில சமயம் அவருடன் ஒரு குழந்தையும்.

வாடகை கொடுத்தவருக்குக் குதிரையின் குணம் தெரியாது. தெரிந்தவர் கடிவாளம் பிடிக்கும் குதிரைக்காரர். அவர் "நில்லுங்கள்" என்றால் ஊர்வலம் நிற்க வேண்டும். "இறங்குங்கள்" என்றால் மாப்பிள்ளை இறங்க வேண்டும். அடித்தால் பயம் கூடுமே தவிரக் குறையாது.

உல்லாச சவாரி விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று 2015-ல் பம்பாய் ஐகோர்ட் தீர்ப்பளித்தது. வண்டிக் குதிரைக்குக் கிடைத்த இரக்கத்தில் ஒரு பங்கு கல்யாணக் குதிரைக்கும் வேண்டாமா? பட்டாசை நிறுத்தி, பெரிய சாலையைத் தவிர்த்தாலே பாதி ஆபத்து நீங்கும். கல்யாண வீட்டார் யோசிப்பார்களா?