கல்லெறிந்தா படம் எடுப்பது?

அதியமான்கோட்டையிலிருந்து விடுமுறைக்கு ஒகேனக்கல் போகிறவர்கள் அங்குள்ள முதலை மறுவாழ்வு மையத்தையும் பார்த்து வருகிறார்கள். பார்க்கட்டும், படமும் எடுக்கட்டும். ஆனால், மிருகம் அசைந்தால்தான் படம் நன்றாக விழும் என்று கல்லெறிகிற கூட்டம் ஒன்று எந்த மிருகக்காட்சி சாலையிலும் உண்டு. வெட்கக்கேடு!

முதலை சோம்பலினால் அசையாமல் கிடக்கவில்லை. வெயிலில் கிடந்துதான் அது உடம்புக்குச் சூடேற்றிக்கொள்கிறது.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைச் சீண்டுவதையும் கூச்சலிட்டுத் தொல்லை கொடுப்பதையும் தடை செய்கிறது. சட்டம் ஏட்டில், கல்லோ கையில்!

வண்டலூரில் கேமராவுக்குக் கட்டணம் வாங்கும் சர்க்கார், அந்தப் பணத்தில் கூண்டுதோறும் நிரந்தரக் காவல் ஊழியர்களை நியமிக்கட்டும்!

தோழர்களே! சிறைக் கம்பியை அறிந்த இயக்கம் நம்முடையது. கைதியைச் சீண்டிச் சிரிப்பது உழைப்பாளிக்கு அழகல்ல. கல்லெடுக்கும் கையைத் தடுப்போம்!