டீச்சர் பக்கம்: பாத்தியிலே ஒரு பாடம்

"ஏன் டீச்சர், பிள்ளையைப் படிக்கத்தானே அனுப்பறோம்? மண்ணைக் கொத்தவா?"

பள்ளித் தோட்டம் என்றதும் தாய்மார்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். தண்டனையாகக் கொடுத்தாலோ, ஒரு சில பிள்ளைகள் தலையில் மட்டும் கட்டினாலோ அது வெறும் வேலை. எல்லோரும் முறை வைத்துச் செய்து, பார்த்ததை நோட்டில் எழுதினால் அது பாடம்.

இது புதிதும் அல்ல. ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1840-ல் தம் மழலைப் பள்ளிக்கு வைத்த 'கிண்டர்கார்ட்டன்' என்ற பெயருக்கே குழந்தைகளின் தோட்டம் என்றுதான் பொருள். நம் நாட்டிலும் 2019-ல் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போட மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதினாலே அவன் முகம் சுண்டிப் போகும். "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். வகுப்பை நாலு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு 20 வெண்டை விதை கொடுத்தேன். இரவு ஊற வைத்த விதை, குழிக்கு ஒன்று, குழிக்குக் குழி பெரிய ஸ்கேல் நீளம், 30 செ.மீ.

ஆறாம் நாள் அந்தப் பையன் ஓடி வந்தான். "டீச்சர், 20 போட்டோம். 16 வந்திருக்கு. 4 வரலை!"

"இப்போ சொன்னியே, அதுதாண்டா கழித்தல்" என்றேன். நம்பாமல் பார்த்தான். மறுநாள் அதே கணக்கை நோட்டில் தானே எழுதிக் காட்டினான். வராத நாலு குழிகளையும் கிளறிப் பார்த்தோம். இரண்டில் விதை அழுகியிருந்தது. இரண்டில் விதையே இல்லை. எறும்பா, எலியா என்று வகுப்பே வாதாடியது. அன்றைய அறிவியல் பாடம் அதுதான். ஒன்றரை மாதத்தில் காய் வந்தது. தட்டில் வெண்டைக்காயை ஒதுக்கும் பிள்ளைகள், தாங்கள் பறித்ததைச் சாம்பாரில் தேடித் தேடித் தின்றார்கள்!

வீட்டில் இடமில்லையே என்கிறீர்களா? ஒரு பழைய வாளி போதும். அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய எருவும் நிரப்புங்கள். முளைக்கீரை விதை பொடியாக இருக்கும். மணலோடு கலந்து தூவ வேண்டும். நாலைந்து நாளில் முளைக்கும். 25 நாளில் பறிக்கலாம். காலண்டரில் குறிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. அவன் மறந்தால் நீங்கள் ரகசியமாக ஊற்றாதீர்கள். வாடியது ஏன் என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. மண்ணில் இறங்கும்போது காலில் செருப்பு வேண்டும்; கொக்கிப் புழு வெறுங்கால் தோல் வழியாகவே உடம்புக்குள் நுழைந்துவிடும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி விடுங்கள்.

இனி பிள்ளை சட்டையெல்லாம் மண்ணோடு வீடு வந்தால், திட்டுவதற்கு முன்னால், "இன்னிக்கு எத்தனை முளைச்சுது?" என்று கேட்டுப் பாருங்களேன்!